எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு எப்போது, என்ன உதவி?

“பாட்டி கொட்டகையில் பட்டம் வைத்தாள்” என்று பாடத்தில் இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதைப் “பாட்டி கோட்டையில் படம் வைத்தாள்” என்று வாசிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வாயில் உடனே வருவது, “எங்க பராக்குப் பார்க்குற? புத்தகத்தைப் பார்த்துப் படி!”

பிள்ளை புத்தகத்தைத்தான் பார்த்தது. தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் அது புரியும். ‘கொ’ என்பது ‘கோ’ ஆனது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இன்னும் வெவ்வேறு ஒலிகளாக மனதில் பிரியவில்லை. ‘கொட்டகை’ பாதியிலேயே ‘கோட்டை’ ஆகிவிட்டது. முதல் இரண்டு எழுத்தைக் கூட்டுவதற்குள் சோர்ந்துபோய், மிச்சத்தை ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லால் நிரப்பிக்கொண்டது. ‘பட்டம்’ ‘படம்’ ஆனது. நடுவில் நிற்கும் ‘ட்’ காதுக்குத் தனியாகக் கேட்கவில்லை, அதனால் அதன் புள்ளியும் கண்ணில் தங்கவில்லை. மூன்று தவறும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. பேச்சைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் ஓர் எழுத்தோடு முடிச்சுப் போடும் வேலை அங்கே நடக்கவில்லை.

ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பிறகும் அந்த முடிச்சு விழாமலே இருந்தால் அதை டிஸ்லெக்சியா என்கிறோம். தமிழில் வாசிப்புக் குறைபாடு. சட்டத்தில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற தலைப்புக்குள் இது அடங்கும். எந்த இடத்தில் கோடு போட்டுக் குறைபாடு என்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறினாலும், பிள்ளைகளில் 5 முதல் 10 விழுக்காடு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 40 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர். புத்திக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கதையைக் காதால் கேட்டால் வகுப்பிலேயே நன்றாக விளக்கம் சொல்லும் பிள்ளையாக அது இருக்கலாம்.

நம் ஊரில் நடக்கும் பெரிய குழப்பம் இதுதான்: குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதில்தான் கிடைக்கும் என்பதால், உதவியும் எட்டு வயதில்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். உதவிக்குச் சான்றிதழ் தேவையில்லை. அது ஐந்து வயதிலேயே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஏன் என்பதற்கு மூளையைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது

எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. பேச்சுக்கு இருப்பதுபோல வாசிப்புக்கென்று பிறவியிலேயே அமைந்த பகுதி மூளையில் கிடையாது. வேறு வேலைக்காக இருக்கும் பகுதிகளை இணைத்து, ஒவ்வொரு குழந்தையும் தனக்கான வாசிப்புப் பாதையைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறது.

வலக்கைப் பழக்கமுள்ள பெரும்பாலானோருக்கு இந்தப் பாதை மூளையின் இடது பக்கத்தில் அமைகிறது. இடது காதுக்குச் சற்று மேலும் பின்னும் உள்ள பகுதி ஒலியையும் எழுத்தையும் இணைக்கிறது. நெற்றியின் இடப்பக்கம் உள்ள பகுதி உச்சரிப்பைத் திட்டமிடுகிறது. மூன்றாவது, மூளையின் அடிப்பக்கத்தில், காதுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பகுதி. பழகிய சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பது இதன் வேலை. 2000-இல் லோரான் கோஹன், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் முதலான பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதற்குச் ‘சொல்லுருவப் பகுதி’ என்று பெயர் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இந்தப் பகுதி எழுத்துக்கு அசைந்துகொடுப்பதில்லை. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிவு இல்லாதவர்கள், பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள், சிறு வயதிலேயே கற்றவர்கள் ஆகிய மூன்று வகையினரையும் டெஹேன் குழு ஸ்கேன் செய்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. வாசிப்பு கூடக்கூட இந்தப் பகுதி எழுத்துக்கு வலுவாகப் பதில் சொல்வது அதில் தெரிந்தது. கற்றுக்கொண்டதால் உருவான பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளிடம் ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் பகுதியும் சொல்லுருவப் பகுதியும், அதே வயதுப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே இயங்குகின்றன. இந்தப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளிலும் வேறுபாடு காணப்படுகிறது. இந்த வேறுபாடு படிக்காமல் இருந்ததால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்பது நியாயமான கேள்வி. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் இன்னும் படிக்கத் தொடங்காத, குடும்பத்தில் டிஸ்லெக்சியா உள்ள ஐந்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவில், படிப்பு ஆரம்பிக்கும் முன்பே அந்த வேறுபாடு இருந்தது. இது குடும்பத்தில் தொடர்வதும் உண்மை. அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சராசரியாக 45 விழுக்காடு. “எனக்கும் சின்ன வயசுல எழுத்து ஏறல, அப்புறம் எல்லாம் சரியாப் போச்சு” என்று அப்பா சொன்னால், அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாமல் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை இப்படியே இருந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 7 முதல் 12 வயது வரையிலான, வாசிக்கத் திணறும் 24 பிள்ளைகளுக்கு 8 வாரம், மொத்தம் 160 மணி நேரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பும் முன்னேறியது, நரம்பிழைக் கற்றைகளின் தன்மையும் சில வாரங்களிலேயே மாறியது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்பது நம் வீட்டுக்கோ பள்ளிக்கோ ஒத்துவராது. மூளை மாறும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது மாறும் என்பதும் முக்கியம். 2017-இல் வட அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஒரே பயிற்சியை முதல் மூன்று வகுப்புகளிலும் கொடுத்துப் பார்த்தது. முதல், இரண்டாம் வகுப்பில் பெற்ற பிள்ளைகளின் அடிப்படைத் திறன் முன்னேற்றம், மூன்றாம் வகுப்பில் பெற்றவர்களுடையதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பயனில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பன்னிரண்டு வயதிலும் பலன் உண்டு. ஆனால் அதற்குள் பிள்ளை படிக்காமல் விட்ட பக்கங்களும், அதனால் தெரியாமல் போன சொற்களும், “நான் மக்கு” என்ற எண்ணமும் சேர்ந்து வேலையைக் கனமாக்கிவிடுகின்றன.

ஒரு எச்சரிக்கை: இந்த ஸ்கேன்கள் குழுக்களை ஒப்பிடுவதற்கானவை. தனியொரு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக யாராவது ஸ்கேன் எடுக்கச் சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எந்த வயதில் எதைக் கவனிப்பது

நான்கு, ஐந்து வயதில்: பேச்சு தாமதமாக வந்தது, நீளமான சொற்களில் ஒலி இடம் மாறுகிறது, விட்டுப்போகிறது, எதுகை மோனையில் ஆர்வம் இல்லை, ‘பழம், பல், பணம்’ மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன என்பது பிடிபடவில்லை, நிறங்களின் பெயரும் எழுத்தின் பெயரும் இன்று தெரிந்து நாளை மறந்துபோகின்றன. ஒன்றிரண்டு தனியாக இருந்தால் கவலை வேண்டாம். பலவும் சேர்ந்து, குடும்பத்திலும் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஆறு, ஏழு வயதில் மிக எளிதாக ஏமாந்துபோகும் இடம் மனப்பாடம். ‘அ, ஆ, இ, ஈ’ தொடங்கி ஔ வரை ராகமாகச் சொல்லும் பிள்ளை, அட்டைகளைக் கலைத்துப் போட்டு ‘உ’வைக் காட்டினால் விழிக்கும். பாடம் முழுக்க விரல் வைத்துப் ‘படிக்கும்’. விரல் ஓர் இடத்தில், வாய் வேறிடத்தில் இருக்கும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தனியே எழுதிக் காட்டுங்கள். உண்மை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எட்டு வயதுக்கு மேல்: ஓரளவு சரியாகவே படிக்கும், ஆனால் ஆமை வேகம். ஒரு பத்தி முடிவதற்குள் முதல் வரி மறந்துவிடும். வாய்வழியாகக் கேட்டால் பதில் வரும், எழுதச் சொன்னால் ஒற்றும் நெடிலும் காணாமல் போகும்.

எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவதுதான் டிஸ்லெக்சியா என்று பலர் நினைக்கிறார்கள். குவளையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் குவளை குவளைதான் என்று மூளை எடுத்துக்கொள்வதால், ஆங்கிலத்தின் சிறிய ‘b’, ‘d’ எழுத்துகளை எல்லாப் பிள்ளைகளும் ஏழு வயதுவரை குழப்பிக்கொள்வது சகஜம். தமிழில் அப்படிப்பட்ட கண்ணாடி ஜோடிகள் கிட்டத்தட்ட இல்லை. அதனால் தமிழ் மட்டும் படிக்கும் பிள்ளையிடம் இந்த அடையாளத்தைத் தேடினால், உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை கைநழுவிப் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கண் பரிசோதனை, காது பரிசோதனை இரண்டையும் முடித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ‘ட்’, ‘ப்’ போன்ற ஒலிகள் தெளிவாகக் கேட்காமலே போயிருக்கலாம்.

தமிழ் எழுத்து எங்கே தடுக்கிறது

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் நேர்மையான எழுத்து, ஏறக்குறைய எழுதியபடி படிக்கலாம். அதனால் தமிழில் டிஸ்லெக்சியா பெரும்பாலும் தவறான வாசிப்பாக வெளிப்படாமல், மெதுவான வாசிப்பாகவும் பிழையான எழுத்தாகவும் வெளிப்படுகிறது. ஆசிரியர்கள் தவறவிடுவது இதனால்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247. இந்திய எழுத்துமுறைகளில் எல்லா உயிர்மெய்களும் கைவசமாகவே நான்காம் வகுப்புவரை ஆகலாம். எனவே முதல் வகுப்பு முடிவில் எல்லா எழுத்தும் வரவில்லையே என்று பதற வேண்டாம். கற்ற எழுத்தைக் கூட்டத் தெரிகிறதா என்று பாருங்கள்.

முதல் தடை கொம்பு. ‘கெ’ என்பதில் காதுக்கு முதலில் கேட்பது ‘க்’, பிறகு ‘எ’. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. ‘கொ’, ‘கோ’ வந்தால் உயிர்க்குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. ‘கௌ’ வந்தால் பக்கத்தில் நிற்பது ‘ள’ என்ற எழுத்தா, குறியின் பாதியா என்று கண்டுபிடிக்க வேண்டும். திணறும் பிள்ளையிடம் ‘கொம்பு, க, கால்’ என்று உடைத்துச் சொல்லிக்கொடுத்தால் மூன்று துண்டாகவே மனதில் நிற்கும். ஒரே அட்டையில் முழு எழுத்தாகக் காட்டி, ஒரே மூச்சில் ஒலியைச் சொல்லுங்கள். உடைத்துக் காட்டுவது எழுதும்போது மட்டும் போதும்.

இரண்டாவது உகர வரிசை. மற்ற உயிர்களுக்கு ஏறக்குறைய ஒரே குறி எல்லா மெய்யோடும் சேரும். உகரத்துக்கு அப்படி இல்லை. ‘டு, மு, ரு, ளு’ ஒரு வகை. ‘சு, பு, யு, வு’ ஒரு வகை. ‘ணு, து, நு, லு’ ஒரு வகை. ‘கு’ தன்போக்கில் நிற்கும். ஊகாரத்திலும் இதே கதை. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ‘ணா, றா, னா, ணை, லை’ போன்றவற்றின் பழைய வடிவங்களை ஒழுங்குபடுத்தியது, உகரத்தைத் தொடவில்லை. சொல்லிக்கொடுக்கும்போது க முதல் ன வரை 18-ஐயும் ஒரே மூச்சில் நடத்தாமல், ஒரே வகையில் சுழியும் நான்கைந்தை ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டால் பாதி வலி குறையும்.

மூன்றாவது பேச்சு வழக்கு. பிள்ளை வீட்டில் சொல்வது “வந்துட்டாங்க”, புத்தகத்தில் இருப்பது “வந்துவிட்டார்கள்”. நன்றாகப் படிக்கும் பிள்ளை பாதி கூட்டியதும் தெரிந்த சொல்லோடு பொருத்திச் சரிபார்த்துக்கொள்ளும். இங்கே பொருத்திப் பார்க்கவே சொல் இல்லை. அதனால் எழுத்துத் தமிழைக் காதுக்குப் பழக்குவது, அதாவது தினமும் பத்து நிமிடம் பெரியவர் கதை வாசித்துக் காட்டுவது, வாசிப்புப் பயிற்சியின் ஒரு பகுதி. இன்னொன்றும் இதில் சேரும். ‘பல்’லின் கடைசி ஒலி என்ன என்று கேட்டால் பிள்ளை ‘லு’ என்று சொல்லும். பேச்சில் அது ‘பல்லு’தானே. தவறென்று தலையில் தட்ட வேண்டாம்.

இருபது நிமிடப் பயிற்சி, உள்ளே என்ன இருக்கிறது

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். தனியாகவோ, ஒரே நிலையில் இருக்கும் மூன்று நான்கு பேராகவோ. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. மறந்துபோவதற்குள் திரும்பத் தொடுவதால்தான் முடிச்சு இறுகுகிறது.

முதல் மூன்று நிமிடம் காதுக்கு. எழுத்து வேண்டாம், புளியங்கொட்டை போதும். “கல்” என்று சொல்லி, ஒலிக்கு ஒரு கொட்டை வைக்கச் சொல்லுங்கள்: க், அ, ல். மூன்று. “கால்” என்றாலும் மூன்றுதான், ஆனால் நடுவில் கொட்டைக்குப் பதிலாக ஒரு ஐஸ்கிரீம் குச்சி, ஏனென்றால் அது நெடில். “படம்” என்றால் ப், அ, ட், அ, ம் என்று ஐந்து. “பட்டம்” என்றால் ப், அ, ட், ட், அ, ம் என்று ஆறு. படத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே ஒரு கொட்டை கூடுவதைப் பிள்ளை தன் விரலால் நகர்த்தி உணர்வதுதான் விஷயம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது உடனே வராது. அதற்கு முந்தைய படியான அசையில் தொடங்குங்கள்: ‘வா-ழைப்-ப-ழம்’ நான்கு கைதட்டல். அது சரளமானதும் முதல் ஒலியை மாற்றுவது: மரத்தில் ‘ம்’ எடுத்து ‘க்’ வைத்தால் கரம். ஒலி விளையாட்டை மாதக்கணக்கில் தனியாக நீட்ட வேண்டாம். எழுத்தோடு சேரும்போதுதான் அதற்கு முழுப் பலன். ஐந்தாறு எழுத்து தெரிந்தவுடனேயே கொட்டைக்குப் பதில் எழுத்து அட்டையை நகர்த்தலாம்.

அடுத்த நான்கு நிமிடம் அட்டை. தெரிந்த எட்டு எழுத்தோடு புதியது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கலைத்துக் காட்ட வேண்டும். பிள்ளை ஒலியைச் சொல்ல வேண்டும். எந்த எழுத்தில் தொடங்குவது? அகரவரிசை இங்கே உதவாது. சொல் பிறக்கும் எழுத்துகளை எடுங்கள். ‘க, ட, ப, ம, ர, ல’ என்ற ஆறும், ‘ம், ல்’ என்ற இரண்டு ஒற்றும் தெரிந்தால் படம், மரம், கல், பல், கடல், பகல், மடல், கரம் என்று அன்றைக்கே படிக்கச் சொல் கிடைத்துவிடும். பிறகு துணைக்கால் மட்டும்: பால், கால், பாடம், காலம், பாடல். அது சரளமான பின்தான் அடுத்த குறி. தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் ந, த என்ற ஜோடியையோ, ஒலியில் நெருங்கிய ல, ள, ழ மூன்றையோ ஒரே வாரத்தில் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து குழம்பும். ஒன்று உறைந்த பிறகு மற்றொன்று, இடையில் இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

பிறகு ஐந்து நிமிடம் சொல் கூட்டுவது. ஒரு சொல்லில் ஒரே ஒரு மாற்றம்: கல், கால், பால், பல், பகல், பகலில். பிள்ளை தவறாகப் படித்தால் சரியான சொல்லை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், படத்தைப் பார்த்து ஊகிக்கவும் சொல்லாதீர்கள். தவறிய எழுத்துக்குக் கீழே பென்சில் முனையை வையுங்கள், ஒலியைக் கேளுங்கள், மறுபடி முதலிலிருந்து கூட்டச் சொல்லுங்கள். ஊகிப்பது அன்றைக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். எழுத்துக்கும் ஒலிக்கும் முடிச்சு விழும் வாய்ப்பை எடுத்துவிடும். முகப்பில் சொன்ன பிள்ளை கொட்டகையைக் கோட்டையாக்கியது இந்தப் பழக்கத்தால்தான்.

நான்கு நிமிடம் சொல்வதை எழுதுதல். அன்றைக்குக் கூட்டிய சொற்களிலிருந்து நான்கு சொல், ஒரு சின்ன வாக்கியம். பிள்ளை ஒவ்வோர் ஒலியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். ஒற்று விட்டுப்போனால் கொட்டையை எடுத்து எண்ணச் சொல்லுங்கள். தானே கண்டுபிடித்துத் திருத்துவது சிவப்பு மை சுழிப்பதைவிட நிற்கும்.

கடைசி நான்கு நிமிடம் தொடர் வாசிப்பு. அதுவரை கற்ற எழுத்துகளாலேயே அமைந்த நான்கைந்து வாக்கியம், கடைகளில் கிடைக்காவிட்டால் நீங்களே எழுதலாம். ஒரே பகுதியை மூன்று முறை. முதல் முறை கூட்டி, இரண்டாம் முறை சொல்சொல்லாக, மூன்றாம் முறை பேசுவதுபோல. தமிழில் நீளச் சொல் தனித் தொல்லை என்பதால் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ போன்றவற்றைப் ‘போய்க் / கொண்டிருந் / தார்கள்’ என்று பென்சில் கோடு போட்டுக் கொடுக்கலாம். இரண்டு வாரத்தில் கோட்டைப் பிள்ளையே போடட்டும்.

முன்னேற்றத்தை அளப்பது

‘பரவாயில்ல, இப்பக் கொஞ்சம் தேவலாம்’ என்பது அளவு இல்லை. வாரம் ஒருநாள், பிள்ளை முன்பு பார்க்காத, ஆனால் அதே நிலையிலுள்ள ஒரு பத்தியை ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். சரியாகப் படித்த எழுத்துகளை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் சொற்களை எண்ணுவார்கள். தமிழில் ‘கல்’லும் ஒரு சொல், ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல் என்பதால் எழுத்தை எண்ணுவதே நியாயம். ‘கொட்டகை’ என்றால் கொ, ட், ட, கை என்று நான்கு. கட்டம் போட்ட தாளில் வாரத்துக்கு ஒரு புள்ளி.

ஆறு வாரமாகப் புள்ளி மேலே ஏறவில்லை என்றால் பிள்ளையைச் சந்தேகிக்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். சொன்ன ஐந்து நாளில் உண்மையில் எத்தனை நாள் நடந்தது? காலண்டரைப் பார்த்தால் பல வீடுகளில் இரண்டு நாள்தான் இருக்கும். பகுதி கடினமா? நூறு சொல்லில் தொண்ணூறுகூடச் சரியாக வரவில்லை என்றால் கடினம். 95 வந்தால் தானே பழகுவதற்கு ஏற்றது. புதிய எழுத்துகளை வேகமாகக் கொட்டிவிட்டோமா? இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் சிறப்பாசிரியரைப் பாருங்கள். கவனச்சிதறல் குறைபாடும் டிஸ்லெக்சியாவோடு சேர்ந்து வருவது அடிக்கடி நடப்பதுதான். அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும்.

வேலைக்கு ஆகாதவை

இம்போசிஷன். பத்து முறை எழுதும் பிள்ளை மூன்றாவது முறையிலிருந்து படம் வரைகிறது. முதல் வரியில் பிழை இருந்தால் பத்துப் பிழை பயிற்சியாகிறது. வகுப்பு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வதும் அப்படித்தான்; பயந்த பிள்ளை இன்னும் அதிகமாக ஊகிக்கும்.

வண்ணக் கண்ணாடி, கண் தசைப் பயிற்சி, மூளை ஜிம் என்று விலை வைத்து விற்பவற்றுக்கு வாசிப்பை மேம்படுத்தும் ஆதாரம் இல்லை. கண்ணோடு தொடர்புடைய இந்தச் சிகிச்சைகளை டிஸ்லெக்சியாவுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்களும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள். பள்ளியில் நடத்தியதையே மாலையில் மறுபடி வேகமாக நடத்தும் டியூஷனும் இந்தப் பட்டியலில்தான் வரும். பாடம் முடிக்கிறார்கள், கூட்டச் சொல்லித் தருவதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலியைப் பிரிக்கும் பலவீனம் எந்த மொழிக்கும் பொது. ஒரு மொழியை நிறுத்தினால் மற்றது தானாக வந்துவிடாது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ball’ (பந்து) என்பதன் முதல் எழுத்தைத் தமிழ்ப் பிள்ளை ‘b’-க்குப் பதில் ‘p’ என்று மாற்றி எழுதுவது டிஸ்லெக்சியா ஆகாது. நம் ‘ப’ இரண்டு ஒலிக்கும் பொதுவாக நிற்பதன் விளைவு அது. அங்கே தேவை, தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்ப்பது: ‘ball’ என்பதன் முதல் ஒலிக்கு அதிரும், ‘pen’ என்பதன் முதல் ஒலிக்கு அதிராது.

சான்றிதழும் சட்டமும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதன் 16-ஆவது பிரிவு, பிள்ளைகளிடம் கற்றல் குறைபாட்டை இயன்ற அளவு சீக்கிரம் கண்டறிந்து உரிய கற்பித்தல் ஏற்பாடு செய்வதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக வைக்கிறது. “சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லும் பள்ளியிடம் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

சான்றிதழின் வேலை வேறு. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல் எட்டு வயது முடிந்தவர்களுக்குத்தான் அதைத் தரச் சொன்னது. அப்போது 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு என்று இருந்தது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால், எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளும் வசதியும் கேட்கலாம். வாரியத்துக்கு வாரியம் மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் வேறுபடும். பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு ஓடாமல் எட்டாம் வகுப்பிலேயே பள்ளி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பெற்றோருக்கு வழிகாட்டுதலும் தருகின்றன.

மதிப்பீட்டுக்குப் போகும்போது ஒரு கோப்பு கையில் இருக்கட்டும்: கண், காது பரிசோதனைச் சீட்டு, தேதி போட்ட கட்டத்தாள், ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு எழுத்து மாதிரிகள், திருத்தாமல், பிழையோடு, எந்த எழுத்து வரிசையை எந்த மாதம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்ற குறிப்பு. சரியாகச் சொல்லிக்கொடுத்தும் வரவில்லையா, சொல்லிக்கொடுக்கவே இல்லையா என்பதுதான் உளவியலாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒன்றரை மணி நேரச் சோதனையைவிட அந்தக் கட்டத்தாள் அதைத் தெளிவாகச் சொல்லும்.